காது பொத்தும் நேரம்

எங்கள் பட்டறையில் அவனுக்கு வவ்வால் என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருக்கிறார்கள். அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். வவ்வால் என்று முதலில் கூப்பிட்டது நான்தான், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. மனிதக் காதுக்கு எட்டாத சத்தத்தை நாள் முழுக்க எழுப்பிவிட்டு, அது எதிலாவது மோதித் திரும்பி வருகிறதா என்று காத்துக்கிடக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? தலைகீழாகத் தொங்காதது ஒன்றுதான் பாக்கி.

நாங்கள் செய்வது வண்டிகளின் பின் பம்பரில் பொருத்துகிற சென்சார். டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டதும் அது விழித்துக்கொள்ளும். பின்னால் சுவரோ ஆளோ இருந்தால், டிரைவர் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி பீப் பீப் என்று கத்தும். நெருங்க நெருங்க வேகமாகக் கத்தும். ரொம்பவும் நெருங்கிவிட்டால் மூச்சு விடாமல் ஒரே சத்தமாகக் கத்தும். ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் பட்டறை. முன்னறையில் முதலாளியும் அவருடைய போனும். பின்னறையில் நானும் வவ்வாலும், நடுவில் ஒரு மேஜை. நான் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் பற்றவைக்கிறவள். பற்றவைத்ததைப் பேசவைக்கிறவன் அவன். என்னைவிட வயதில் சின்னவன், ஆனாலும் என்னிடம் நீ, வா, போதான். அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்வதில்லை. எனக்குக் கோபம் வர வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருப்பதால் அவனுடைய எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் ஓட்டை. யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், சரி சரி என்று தலையாட்டிவிடுவான். மாட்டேன் என்ற சொல் அவன் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினவர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம் உண்டு. அந்தப் பெயர் கெடாமல் இருக்க அவர்கள் எது வேண்டுமானாலும் செய்வார்கள்.

அவனுக்கு அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருப்பு, கீழே சாப்பாடு. அக்கா புருஷன் ஒரு சலவைக் கம்பெனியில் வண்டி ஓட்டினார். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றி வருவதும், வெளுத்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதும் வேலை. வவ்வால் அவரை அத்தான் என்பான். கேட்டுக் கேட்டு நாங்களும் அவரை அத்தான் என்றே சொல்லப் பழகிவிட்டோம். டிப்ளமாவைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மச்சானைச் சொந்தக்காரர்கள் தண்டச்சோறு என்றபோது, இவன் கையில் வேலை இருக்கிறது, புத்தகத்தில்தான் இல்லை என்று சொல்லி ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்த்துவிட்டவர் அவர். எங்கள் சென்சாரைக் கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் வாங்கவைத்ததும் அவர்தான். என் மச்சான் செய்த சாமான் என்று மேனேஜரிடம் அவ்வளவு பெருமை பேசியிருக்கிறார்.

இந்தச் சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவன் செய்தது என்னவென்று புரியாது. சென்சாருக்குள்ளே சட்டைப் பித்தான் அளவில் ஒரு தகடு இருக்கிறது. அதுதான் வாய், அதுவேதான் காது. மின்சாரத்தால் தட்டினால் நடுங்கிச் சத்தம் போடும். பிறகு பேசாமல் இருந்து எதிரொலியைக் கேட்க வேண்டும். எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத் தூரம் கணக்காகும். சிக்கல் எங்கே என்றால், தட்டுவதை நிறுத்தினாலும் தகடு உடனே நிற்பதில்லை. தரையில் விழுந்த எவர்சில்வர் தட்டு மாதிரி கொஞ்ச நேரம் அதுபாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருக்கும். இந்த மிச்ச அதிர்வை நாங்கள் வால் என்போம். வால் நீண்டுவிட்டால், சென்சார் தன்னுடைய நடுக்கத்தையே எதிரொலி என்று எண்ணிக்கொண்டு, ஒருவரும் இல்லாத இடத்தில் ஆள் இருப்பதாகக் கத்தும்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. புரோகிராமில் ஒரே ஒரு எண். சத்தம் போட்ட பிறகு இவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொள் என்று சென்சாருக்குச் சொல்லும் எண் அது. வால் அடங்கிய பிறகு காதைத் திறந்தால் பொய்க் கத்தல் இருக்காது. ஆனால் பொத்திய நேரத்தில் உண்மையான எதிரொலி வந்தாலும் கேட்காது. ரொம்பப் பக்கத்தில் இருக்கும் பொருளின் எதிரொலிதான் முதலில் வந்து சேரும் என்பதால், பொத்தும் நேரத்தைக் கூட்டக் கூட்ட, பம்பரை ஒட்டி நிற்கிறவர்கள் சென்சாருக்கு இல்லாமலே போய்விடுவார்கள். கஷ்டமான வழி, வாலையே குறைப்பது. அதற்கு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

குளிர் ஆரம்பித்ததும் அத்தானின் வண்டி பொய்யாகக் கத்தத் தொடங்கியது. தகட்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, வால் நீண்டுவிட்டது. காலி முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தாலும் கத்தல். மச்சான் சாமானுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். மானம் போகிறதடா என்று அத்தான் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். முதலாளி வேறு, இன்றைக்கே நிறுத்தியாக வேண்டும் என்று குதித்தார். வவ்வால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அந்த எண்ணைக் கூட்டினான். கத்தல் நின்றது. கொஞ்சம் கூட்டினால் போதுமான இடத்தில் தாராளமாகவே கூட்டினான், மறுபடி புகார் வரக் கூடாதே என்று. கொஞ்ச நாளில் எல்லா வண்டிகளிலும் அதே எண்தான். எல்லாருக்கும் சந்தோஷம்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தான். எங்கள் பட்டறையில் சோதனை என்றால், ஒருவர் தூரத்திலிருந்து சென்சாரை நோக்கி நடந்து வருவார். பீப் பீப் என்று ஆரம்பித்து, வேகமாகி, ஒரே சத்தமாக மாறும். மாறியதும் அங்கேயே நின்று, சரி என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். நிற்கச் சொல்லித்தானே அது கத்துகிறது? அதற்கு மேலும் நடந்து போய் ஒட்டி நின்று பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. குரைக்கிற நாயை நோக்கி மேலும் நாலடி வைத்துப் பார்ப்பவர் யார்?

விபத்து நடந்தது சலவைக் கம்பெனியின் முற்றத்திலேயே. துணி ஏற்றி முடிந்தது. அத்தானோடு நெடுநாளாக வேலை பார்த்த லோடுமேன், அவர் வயதே ஆன மனிதர், பின் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று தட்டினார். வண்டி முன்னால் போகும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் முன்னால் ஒரு லாரி வந்து வழியை மறித்துவிட்டதால், அத்தான் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. கண்ணாடியைப் பார்த்தார், ஆள் இல்லை. பெட்டியைக் கேட்டார், கத்தவில்லை. லோடுமேன் அப்போது கீழே விழுந்த ஒரு துண்டை எடுக்கப் பம்பரை ஒட்டிக் குனிந்திருந்தார். வண்டி அவரைத் தள்ளி, சக்கரம் ஒரு காலின் மேல் ஏறிவிட்டது.

உயிர் பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்துக் கட்டினார்கள். நடக்கிறார், ஆனால் மூட்டை தூக்குவது என்பது அன்றோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் மேனேஜர் வவ்வாலைக் கூப்பிட்டு அனுப்பினார், சென்சார் வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல. அங்கே நடந்ததை வெகுநாள் கழித்து அவனே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போதே தெரிந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். மேனேஜர் வருவதற்கு முன்னால் அவன் அங்கிருந்த மெக்கானிக்கை ரிவர்ஸ் கியர் போடச் சொல்லிவிட்டு, பம்பர் ஓரமாகக் குந்தி, சென்சாரை ஒட்டிக் கையை வைத்திருக்கிறான். சத்தமே இல்லை. கையை மெல்லச் சென்சாரை விட்டுத் தள்ளி நீட்டியிருக்கிறான். கை முழுசாக நீண்ட இடத்தில்தான் பெட்டி கத்தியிருக்கிறது. உடனே விளங்கிவிட்டது. எந்த எண், எந்த நாள், எவ்வளவு தாராளம், எல்லாம் விளங்கிவிட்டது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார், கூடவே அத்தான். சட்டையில் இன்னும் ரத்தம். சென்சார் வேலை செய்யுதா என்று மேனேஜர் கேட்டார். வவ்வால் எழுந்து, முற்றத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய், அங்கிருந்து வண்டியை நோக்கி நடந்து வந்தான். பீப் பீப். வேகமானது. ஒரே சத்தமானது. நின்றான்.

“வேலை செய்யுது சார்.”

அதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஆனாலும் அத்தனை பெரிய பொய்யை அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. மேனேஜர் திரும்பி அத்தானைப் பார்த்தார். அத்தான் மேனேஜரைப் பார்க்கவில்லை. கத்திக்கொண்டிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு, அப்ப எனக்குத்தான் கேக்கலையா என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டாராம்.

ஏனடா சொல்லவில்லை என்று பிற்பாடு நான் கேட்டேன். வாய் வரைக்கும் வந்தது, மேனேஜர் இருந்தார், ராத்திரி சொல்லிவிடலாம் என்று நினைத்தேன் என்றான். ராத்திரி அக்கா அழுதுகொண்டிருந்தாள். நாளைக்கு என்று நினைத்தான். மறுநாள் அத்தானை வண்டியிலிருந்து இறக்கி, இஸ்திரிப் பிரிவில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டிய விஷயத்தோடு ஒரு நாள் கூடிக்கொண்டே போனது.

அத்தான் காது டாக்டரிடம் போனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு நல்ல காதா என்று டாக்டர் பாராட்டி அனுப்பினார். அதைக் கேட்டு வீட்டில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை, அத்தான் முதற்கொண்டு. காது பழுது என்றால் ஒரு மிஷினை மாட்டிக்கொண்டு போய்விடலாம். காது நன்றாக இருக்கிறது என்றால் பழுது உள்ளே, புத்தியில். சத்தம் கேட்டிருக்கிறது, புத்தி அதை வாங்கவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். அன்றிலிருந்து ஸ்கூட்டரைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுகிறவர், அக்காவையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். மகள் வெளியே போனால் அவள் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டக்கூட மாட்டார், வாசலிலேயே நிற்பார். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் வேலை என்று நினைக்காத மனிதர், நீராவிக்கு நடுவில் நின்று ஓட்டல் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் லோடுமேன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். தனியாகப் போக மனம் வராது, மச்சானைத் துணைக்குக் கூட்டிப்போவார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனாயிற்றே, போனான். பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்காருவான். தப்பு என்னுதுதான், எனக்குக் கேட்டிருக்கணும் என்று அத்தான் வாரா வாரம் அதே சொற்களைச் சொல்வார். விடுங்கண்ணே, வேணும்னேவா பண்ணீங்க என்று லோடுமேன் அவரைத் தேற்றுவார். கால் முறிந்தவர் நல்ல காலுள்ளவரைத் தேற்றுவதையும், தேற்ற வேண்டியவன் பழப் பையோடு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய் ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தன.

பட்டறையில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வவ்வாலுக்கு வேலைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுதான். கிட்டத்தில் சென்சார் கொஞ்சம் மந்தம், மாற்றியாக வேண்டும் என்று முதலாளியிடம் அரைகுறையாகச் சொன்னான். அவன் மாற்றியாக வேண்டும் என்று சொன்னதே அதிசயம் என்பதால் முதலாளி ஒத்துக்கொண்டார். அப்புறம் தகட்டின் அதிர்வைக் கோடாகக் காட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தட்டியவுடன் கோடு உயரமாக எழும்பும். பிறகு மெல்ல மெல்ல மெலிந்து, இழுத்துக்கொண்டே போகும். அந்த இழுப்புதான் வால். தகட்டுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டான். வால் கொஞ்சம் குறைந்தது. வேறு அளவில் போட்டான். சத்தம் போட்டு முடித்த அடுத்த கணமே தகட்டின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தான், மிச்சமிருக்கும் நடுக்கம் அதற்குள்ளேயே கரைந்துபோகும்படி. கடைசியில், நடுக்கத்துக்கு நேர் எதிர்த்திசையில் இரண்டு மூன்று தட்டுத் தட்டி அதை அடக்கப் பார்த்தான், ஆடுகிற ஊஞ்சலை எதிர்ப்பக்கமாகத் தள்ளி நிறுத்துவது போல. ஒவ்வொரு தடவையும் பிரித்து மறுபடி பற்றவைத்தவள் நான். திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

வால் நறுக்கென்று நின்றது. பம்பரில் கையை வைத்தால்கூடக் கத்தியது. நான் கைதட்டினேன். அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது முன்னாடியே செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னான். எதற்கு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது அவன் மேல் சந்தேகமே இல்லை.

முதலாளி அதற்குப் புது மாடல் என்று பெயர் சூட்டி, பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இலவசமாக மாற்றிக் கொடுத்து நல்ல பெயரும் புது ஆர்டரும் வாங்கிக்கொண்டார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். ஆனால் வீடு எரிகிறது என்பது பாவம் அவருக்கும் தெரியாது. வண்டி வண்டியாகப் போய் வவ்வாலே மாற்றினான். ஒரு வண்டி பாக்கி இல்லை. வாயைத் திறக்காமல் சரிபண்ணக்கூடியது எல்லாவற்றையும் அவன் சரிபண்ணிவிட்டான். அத்தான் மட்டும்தான் பாக்கி.

ஒரு நாள் மத்தியானம் அத்தானே பட்டறைப் படியேறி வந்தார். இளைத்திருந்தார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு மச்சானிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். டாக்டரின் மிஷின் சத்தம் வேறு, வண்டிப் பெட்டியின் சத்தம் வேறு. அந்தச் சத்தத்தை வைத்தே தம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தாம் சுவரைப் பார்த்து உட்காருவார். இவன் பின்னாலிருந்து நினைத்த நேரத்தில் பெட்டியைக் கத்தவைக்க வேண்டும். கேட்டால் கையைத் தூக்குவார்.

வவ்வாலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூச்சப்படுகிறான் என்று நினைத்து, கேட்கிறார் இல்லையா, செய்யேன் என்று நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வகுப்பில் பாடம் ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டார். வவ்வால் பெட்டியைக் கத்தவைத்தான். கை உயர்ந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி. உயர்ந்தது. கீழே டயர் கடையில் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் பெட்டியைத் துணியில் சுற்றி மெல்ல ஒலிக்கவைத்தபோதும் கை உயர்ந்தது. ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

அத்தான் திரும்பி உட்கார்ந்தார். முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

“எல்லாம் கேக்குதுடா. அப்ப அன்னிக்கும் கேட்டிருக்கு. கேட்டும் ஏத்தியிருக்கேன்.”

வவ்வால் எழுந்து அலமாரிக்குப் போனான். வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய சென்சார்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. அதில் தேடாமலே ஒன்றை எடுத்தான். அது அத்தானின் வண்டியில் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். மேஜை விளிம்பில் வைத்து இணைப்பைக் கொடுத்தான். அத்தானை அறையின் அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து நடந்து வரச் சொன்னான். அவர் வந்தார். பீப் பீப் என்றது, வேகமானது, ஒரே சத்தமானது. எல்லாரையும் போல அவரும் நின்றார்.

“நிக்காதீங்க, அத்தான். இன்னும் வாங்க.”

அவர் இன்னும் இரண்டடி வைத்து மேஜையை ஒட்டி நின்றார். சத்தம் பட்டென்று நின்றுபோனது. கீழே சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. அத்தான் பெட்டியைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார்.

“கேக்குதா?” என்றான் வவ்வால். அவன் குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

“இல்ல.”

“எனக்கும் கேக்கல. அன்னிக்கும் கத்தல, அத்தான். கத்தவே இல்ல. நான் பண்ணின வேலை.”

எண்ணைக் கூட்டியதை, புகார் வரக் கூடாது என்று அதிகமாகவே கூட்டியதை, எல்லாவற்றையும் அங்கேயே நின்றபடி சொன்னான். அத்தான் ஒட்டி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்குவதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்தான், அந்த மனிதர் நிம்மதியாக இருந்தார். பிறகு கேட்டார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

ஒரு வாரம் முன்னால் என்று வவ்வால் சொல்லியிருக்கலாம். இந்தப் புது மாடல் செய்யும்போது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

“அன்னிக்குச் சாயங்காலமே. நீங்களும் மேனேஜரும் வர்றதுக்கு முன்னாடி.”

அத்தான் தலையை மெல்ல ஆட்டினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். மேனேஜரிடம் நீயே போய்ச் சொல், நான் சொன்னால் தப்பிக்கச் சொல்கிறேன் என்பார்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் வவ்வால் என்னிடம் மீதிக் கதையையும் சொன்னான். அவன் அழுதான். நான் தேற்றவில்லை. இன்றைக்கும் அதற்காக எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் போய் மேனேஜரிடம் சொன்னான். முதலாளி பட்டறை அதிரக் கத்தினார். வேலை போகவில்லை, அவர் மனசு பெரியது என்பதால் அல்ல, அந்த வாலை நறுக்கத் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததால். லோடுமேன் வீட்டுக்கு இந்தத் தடவை தனியாகப் போனான். பழம் வாங்கிப் போகவில்லை என்றான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மற்ற வண்டியெல்லாம் மாற்றியாயிற்றா என்று மட்டும் கேட்டாராம். ஆயிற்று என்றதும், சரி, போ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம். அக்கா அவனுக்குச் சாப்பாடு போடுவதை நிறுத்தவில்லை. தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அத்தான் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கம்பெனி அவரை மறுபடி வண்டிக்கு எடுத்துக்கொண்டது. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வண்டியைத் தொடுமுன் சென்சாரைத் தம் கண்முன்னே சோதிக்க வேண்டும். நானும் வவ்வாலும் காலையில் போனோம். பம்பரில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினோம். மேனேஜர் வந்து நின்றார். வவ்வால் பழக்கதோஷத்தில் முற்றத்தின் அந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்தான்.

“நடக்க வேண்டாம்,” என்றார் அத்தான். அத்தனை நாளுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். “இங்க வந்து நில்லு. ஒட்டி நில்லு.”

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். அத்தான் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். வவ்வால் திரும்பி வந்தான். வண்டிக்கு முதுகைக் காட்டி, முழங்காலின் பின்பக்கம் பம்பரில் படும்படி நின்றான். லோடுமேன் குனிந்திருந்தது அந்த இடத்தில்தான். நான் டிரைவர் பக்கத்துக் கதவோரம் நின்றேன். அத்தானின் கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது, பின்னால் நின்றவனுக்குத் தெரியாது. இஞ்சின் உறுமியது. அவர் ரிவர்ஸ் கியர் போட்டார்.

போட்ட உடனேயே பெட்டி கத்தியது. மூச்சு விடாமல், ஒரே சத்தமாக. வண்டி ஒரு விரற்கடைகூட அசையவில்லை. கியரை எடுத்திருந்தால் சத்தம் நின்றிருக்கும். அத்தான் எடுக்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். துணி மடிக்கிறவர்கள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். போதும் போதும் என்று மேனேஜர் சொன்னது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. நான் பின்னால் போய்ப் பார்த்தேன். வவ்வால் கண்ணை மூடிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டபடி அப்படியே நின்றுகொண்டிருந்தான். நகரு என்று அத்தான் சொல்லவில்லை, அவனும் நகரவில்லை.